பெருநாள் சுகமாகக் கழிந்தது

கடல் கடந்து உழைக்கும் எம்மவர்கள் பெருநாள் தினத்தன்று ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லும் முதல் வசனம் அநேகமாகப் பொய்யாகவே இருக்கிறது. "இங்க நல்லாப் பெருநாள் எடுத்தம்" என்று அங்கிருந்து சொல்கிறோம். "இஞ்சயும் ஒரு குறையுமில்ல" என்று ஊரிலிருந்து பதில் வருகிறது. ஒரு மாதம் நோன்பிருந்து நாவைக் காத்தவர்கள், ஷவ்வால் தலைப்பிறை கண்ட மறுநாள் காலையிலேயே இரு தரப்பிலும் பொய் சொல்லிக்கொள்கிறோம். அதனைப் பொய்யென்று யாரும் எண்ணுவதில்லை. அன்பு என்றே எண்ணுகிறோம்.

நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன். கட்டாரில் ஒப்பந்தக் கம்பனி ஒன்றின் களஞ்சியசாலையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். அக்காலத்தில் மூன்று பெருநாள்களுக்கு மட்டுமே ஊரில் இருக்கக் கிடைத்தது. மற்றவையெல்லாம் டோஹாவில், ஆறு கட்டில்கள் போட்ட ஓர் அறையில் கழிந்தன. அந்த ஒவ்வொரு பெருநாளிலும் நான் ஊருக்குச் சொன்ன வசனம் ஒன்றுதான்: "பெருநாள் சுகமாகக் கழிந்தது." இந்த வசனத்தைச் சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வளைகுடாவில் தனியாட்களின் பெருநாள் எப்படியிருக்கும் என்பதை அங்கிருந்தவர்கள் அறிவார்கள். சூரியன் உதித்துச் சிறிது நேரத்திலேயே தொழுகை நடந்துவிடும். திடலெங்கும் தக்பீர் முழங்கும்போது உள்ளம் உருகாமலில்லை. பக்கத்தில் நிற்பவர் பங்களாதேஷைச் சேர்ந்தவராகவோ கேரளத்தவராகவோ சூடானியராகவோ இருப்பார். தோளோடு தோள் தழுவி வாழ்த்துச் சொல்வோம். பெயர் தெரியாத ஒருவரின் கண்ணீர் எமது சட்டைத் தோளில் பட்டுவிடுவதுமுண்டு. அறைக்குத் திரும்பி ஊருக்கு எடுப்போம். பிறகு தூங்குவோம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் கேம்ப் முழுவதும் உறக்கத்தில் கிடக்கும். பகல் எழும்பி, எல்லோரும் காசு போட்டு வாங்கிய கோழியில் யாராவது ஒரு கைராசிக்காரர் பிரியாணி ஆக்குவார். சிரிப்பும் பகிடியும் இருக்கும். அதில் மகிழ்ச்சியே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் அந்த மகிழ்ச்சியை நாம் ஊருக்குச் சொல்வதில்லை. ஊருக்கென்று வேறொரு பெருநாளைக் கட்டி அனுப்புகிறோம். அதில் புது உடுப்பு இருக்கும், கடற்கரைக்குப் போனது இருக்கும், முதலாளி கொடுத்த விருந்து இருக்கும்.

எமது வாப்பாமாரின் காலத்தில் இதற்குக் கெசட் இருந்தது. எண்பதுகளில் சஊதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் டேப் ரெக்கோடரில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவரின் கையில் கொடுத்தனுப்புவார்கள். பெருநாள் வாழ்த்து பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்துசேரும். வீட்டார் வட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். கெசட்டில் ஒரு வசதி இருந்தது. குரல் தழுதழுத்தால் பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்தை அழித்துவிட்டு மீண்டும் பேசலாம். பின்னர் தொலைபேசி அட்டை வந்தது. இப்போது முகம் பார்த்துப் பேசுகிறோம். முகம் தெரிந்தால் பொய் சொல்வது கடினமாகும் என்று எதிர்பார்த்தோம். அறையில் நல்ல சுவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டோம்.

2009ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு உலகெங்கும் ஏற்பட்ட நிதி நெருக்கடி எமது கம்பனியையும் பிடித்திருந்தது. மூன்று மாதமாகச் சம்பளமில்லை. வீட்டுக்கு வழமையாக அனுப்பும் காசை ஒரு நண்பரிடம் கடன்பட்டு அனுப்பியிருந்தேன். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னர், எமது கேம்பில் இருந்த ஒருவர் பித்ரா அரிசியை யார் யாருக்குக் கொடுப்பதென்று பெயர் எழுதிக்கொண்டு வந்தார். தயங்கித் தயங்கி என்னையும் கேட்டார். "எனக்கு வேணாம், கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுங்க" என்றேன். அவர் போன பிறகுதான் கணக்குப் பார்த்தேன். பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் தேவையானது போக மிஞ்சியிருப்பவர் மீதே பித்ரா கடமையாகும். என்னிடம் மிஞ்சியிருந்தது கடன் மட்டுமே. மார்க்கத்தின் கணக்கில் அன்று நான் கொடுக்க வேண்டியவனல்ல, வாங்கத் தகுதியானவன். அந்த உண்மையை என்னால் தாங்க முடியவில்லை. பெருநாளன்று காலையில் ஊருக்கு எடுத்து, "சம்பளத்தோட போனஸும் தந்திருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னேன். கேட்கப்படாத கேள்விக்குச் சொன்ன பொய் அது.

அதன் பின் உம்மாவிடம் பேச வேண்டும். எங்கள் கிழக்கிலங்கையில் ஆண்கள் மணமுடித்து மனைவியின் வீட்டில் குடியிருப்பது வழமை. உம்மா என் ராத்தாவோடு இருந்தார். ஊரிலிருக்கும் காலத்தில் பெருநாள் தொழுதுவிட்டு நான் முதலில் போவது உம்மாவுக்குச் சலாம் சொல்லத்தான். ஆகவே டோஹாவிலிருந்தும் ராத்தாவின் இலக்கத்துக்குத் தனியாக எடுப்பேன். அன்று ராத்தா, "நில்லு, உம்மாக்கிட்டக் குடுக்கன்" என்றார். உம்மாவின் குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. கேட்டதற்கு, "நோன்புக் களைப்பு மகன்" என்றார். வட்டிலாப்பம் சாப்பிட்டதாகவும், பேரப்பிள்ளைகள் வந்து போனதாகவும் சொன்னார். பெருநாள் சுகமாகக் கழிந்ததென்று நானும் சொல்லி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய ஒருவர், "உம்மாட இடுப்பு இப்ப எப்படி?" என்று என்னைக் கேட்டார். இருபத்தைந்தாம் நோன்பன்று கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், பெருநாளன்று உம்மா என்னோடு பேசியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடிதான் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. நான் கோபத்தோடு ராத்தாவுக்கு எடுத்தேன். ராத்தா அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: "சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

என்னால் வந்திருக்க முடியாது. சம்பளமில்லை, டிக்கட்டுக்குக் காசில்லை. காசிருந்தாலும், கட்டாரை விட்டு வெளியேற அக்காலத்தில் கபீலின் அனுமதிப் பத்திரம் வேண்டும். பெரும்பாலான தொழிலாளருக்கு அந்த நிபந்தனை 2018இல்தான் நீக்கப்பட்டது. ஆக, ராத்தாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரது நியாயத்தை இவ்வாறு சுருக்கிச் சொல்லலாம்: எதுவும் செய்ய முடியாதவனிடம் துயரத்தைச் சொல்வதால் துயரம் இரட்டிப்பாகுமே தவிரக் குறையாது. ஆதலால் சொல்லாமல் விடுவதே இரக்கம்.

இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய நியாயமன்று. மார்க்கத்திலும் இதற்கு ஓர் இடமிருப்பது போலத் தோன்றும். உம்மு குல்ஸூம் பின்த் உக்பா ரழியல்லாஹு அன்ஹா அவர்களின் அறிவிப்பில், மக்களிடையே சமாதானம் செய்வதற்காக நல்லதைச் சொல்பவர் பொய்யரல்லர் என்ற கருத்து வருகிறது. யுத்தம், இணக்கம் செய்துவைத்தல், கணவன் மனைவியிடையேயான பேச்சு ஆகிய மூன்றிலும் சலுகை உண்டென்பதும் அதில் இடம்பெறுகிறது. பெருநாள் தொலைபேசியும் கணவன் மனைவி பேச்சுத்தானே என்று நான் பல முறை என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் இமாம் கஸ்ஸாலி, தமது இஹ்யாவில் நாவின் தீங்குகள் பற்றிய பகுதியில், இந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு காட்டுகிறார். பேச்சு என்பது நோக்கங்களை அடைவதற்கான ஒரு வழி. நல்ல நோக்கத்தை உண்மையாலும் அடைய முடியும், பொய்யாலும் அடைய முடியும் என்றிருந்தால் அங்கே பொய் ஹராமாகும். உண்மையால் அடையவே முடியாத இடத்தில்தான் சலுகைக்கு வழி. அப்போதும், ஒரு முறை திறந்த கதவு தேவையில்லாத இடத்திலும் திறந்தே கிடக்குமென்று அஞ்ச வேண்டுமென்கிறார். எனது 'போனஸ்' அப்படித் திறந்து கிடந்த கதவால் வந்ததுதான். மனைவியின் மனதைக் காப்பது என் நோக்கமாக இருந்திருந்தால், "சம்பளம் கொஞ்சம் சுணங்குது, அல்லாஹ் போதும்" என்றே சொல்லியிருக்கலாம். அவள் அதைத் தாங்கியிருப்பாள். நான் காத்தது என்னுடைய கௌரவத்தை.

ஜேர்மனியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் ஒருவன் வாசலில் வந்து எமது நண்பனைத் தேடினாலும் அவனிடம் பொய் சொல்லலாகாது என்று வாதிட்டார். அவரது கடும்போக்கை நான் ஏற்கவில்லை. எமது சட்ட அறிஞர்களும், அநியாயக்காரனிடமிருந்து ஓர் உயிரைக் காக்கப் பொய் சொல்வதை ஆகும் என்றே கூறியுள்ளனர். ஆயினும் கான்ட் சொன்ன ஒரு காரணத்தை என்னால் மறக்க முடியவில்லை. பொய் சொல்பவன், அதன்பின் விளைபவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டியவனாகிறான் என்பதே அது. எமது பெருநாள் பொய்களின் விளைவுகளை நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போயிருந்தார். கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் பெருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை தந்தபோதும் வீட்டுப் பணியாளரை அது உள்ளடக்கவில்லை. வளைகுடாவின் ஏனைய நாடுகளிலும் பொதுவாக நிலைமை இப்படித்தான் இருந்தது. வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பெருநாள் என்பது ஆண்டின் மிகப் பாரமான வேலை நாள். எஜமானரின் குடும்பம் முழுவதும் அன்று அவ்வீட்டில் கூடும். சுபஹுக்கு முன் அடுப்படிக்குப் போனால், கடைசிப் பாத்திரம் கழுவி முடிய நள்ளிரவாகும். அதன் பிறகு எடுத்து, "உம்மா புதுச் சட்டை உடுத்த, நல்லாச் சாப்பிட்ட, சந்தோசமா இருக்கன்" என்று பிள்ளைகளிடம் சொல்வார். சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் வேறு எதைத்தான் சொல்வது? இதிலே குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் மூத்தவள் பதினாறு வயதில் தாயிடம் கேட்டது இது: "நீங்க அங்க சந்தோசமாத்தானே இருந்தீங்க. எங்கள விட்டிட்டு இருக்க உங்களுக்கு ஏலுமா இருந்திச்சே." தாய் மகிழ்ச்சியாக இருந்தாள் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை அந்த முடிவுக்குத்தானே வரும். தாய் பட்ட துன்பமெல்லாம் அந்தப் பிள்ளைக்காக. ஆனால் அந்தத் துன்பத்தைப் பிள்ளையின் கண்ணில் படாமல் வைத்ததும் அவரேதான்.

இன்னொரு விளைவும் உண்டு. பெருநாளன்று நல்ல சுவருக்கு முன்னால் எடுத்த எமது படங்களைப் பார்த்துத்தான் ஊரிலுள்ள இளைஞன் தாயின் நகையை அடகு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டுகிறான். அவனை நாம் யாரும் அழைக்கவில்லை. இங்கே வராதே என்றும் நாம் சொல்லவில்லை. எமது புன்னகை அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, ராத்தாவின் கேள்விக்கு வருவோம். எதுவும் செய்ய இயலாதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்? பல ஆண்டுகள் யோசித்து நான் கண்ட பதில், பித்ராவின் சட்டத்திலிருந்துதான் கிடைத்தது.

எமது ஷாபிஈ மத்ஹபின்படி, ஓர் ஊரில் போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் ஒருவர் பிரயாணி என்ற சலுகையை இழந்துவிடுகிறார். தொழுகையைச் சுருக்க முடியாது. ஆனால் எட்டு வருடம் டோஹாவில் இருந்த நான், என்னை ஒரு பிரயாணியாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே நடப்பது எதுவும் என் உண்மையான வாழ்க்கையில்லை, உண்மையான வாழ்க்கை ஊரில் எனக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம். ஊரிலும் அப்படியே. எனக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறதென்றும், வந்தவுடன் அதில் உட்காரலாமென்றும் நினைத்தார்கள். சட்டம் இந்த மயக்கத்துக்கு இடந்தரவில்லை. நீ நிற்கும் இடம்தான் உன் ஊர் என்கிறது. ரமழானின் கடைசிச் சூரியன் எந்த ஊரில் உன்மீது மறைகிறதோ, உனது பித்ரா அந்த ஊரின் ஏழைக்கு உரியது. உன் மனைவி மக்களின் பித்ராவை நீதான் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்றாலும், அவர்கள் இருக்கும் ஊரிலேயே அது சேர வேண்டும் என்பது எமது மத்ஹபின் வலுவான கருத்து. பிறை வேறுபட்டால் உனக்கு இன்று பெருநாள், அவர்களுக்கு நாளை. தூரத்தை அது தூரமென்றே ஒப்புக்கொள்கிறது. அந்தத் தூரத்துக்கு இரு கரைகளிலும் ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ தானியத்தைப் பொறுப்பாக வைக்கிறது.

இந்தத் தானியம் பெருநாள் தொழுகைக்கு முன்னர் போய்ச்சேர வேண்டும் என்பதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கொண்டாடுமுன், உன்னைச் சுற்றி யாரிடம் இல்லை என்று கண்டறிந்து வா என்பதுதானே அது. எங்கே அடுப்பு எரியவில்லை, யாருக்குச் சம்பளம் வரவில்லை, யார் படுக்கையில் கிடக்கிறார் என்று விசாரிக்காமல் பித்ராவைச் சரியாகக் கொடுக்க முடியாது. இல்லாமையை அறிந்துகொள்வதில்தான் எமது பெருநாள் தொடங்குகிறது. முகந்தெரியாத அயலவரின் இல்லாமையைத் தேடிப் போகும் நாம், எமது உம்மாவுக்கும் மனைவிக்கும் மகனுக்கும் எமது இல்லாமை தெரியக்கூடாதென்று அதே நாளில் பாடுபடுகிறோம். கொடுப்பவனாக மட்டும் இருக்கவே எமக்கு விருப்பம். வாங்குபவனாக ஒரு நாளும் ஆக மாட்டோம் என்று வீம்பு பிடிப்பவரிடம் எவரும் எதையும் கொடுக்க முடியாது. அறிவுரை, ஆறுதல், துஆ எதையுமே கொடுக்க முடியாது.

இல்லையென்று சொல்வது பொறுமைக்கு மாறானது என்று சிலர் வாதிடக்கூடும். பொறுமையின் முன்மாதிரியாகக் குர்ஆன் காட்டும் யாகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பாருங்கள். பிரிந்த பிள்ளைக்காக அழகிய பொறுமையைக் கைக்கொண்டவர் அவர். அவரது கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின என்றும் அதே சூரா சொல்கிறது. தமது துயரை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர் சொன்னார். ஆனால் துயரமே இல்லையென்று வீட்டாரிடம் அவர் நடிக்கவில்லை. அவரது மக்கள் அதைப் பார்த்தார்கள், அதைப் பற்றி அவரிடம் பேசவும் செய்தார்கள். பொறுமைக்கும் முகமூடிக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெளிவாகிறது.

2011இல் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு மஃரிபுக்குப் பிறகு உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊன்றுகோலின் உதவியோடு நடக்கத் தொடங்கியிருந்தார். 2009ஆம் ஆண்டுப் பெருநாளைப் பற்றிப் பேச்சு வந்தது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லையென்று சம்பளமில்லாதிருந்ததைச் சொன்னேன். உம்மா ஆச்சரியப்படவில்லை. "உன்ட குரலுல தெரிஞ்சிச்சு மகன். என்னமோ எண்டு விளங்கிச்சு. என்னெண்டுதான் விளங்கல்ல" என்றார். சற்று நேரம் கழித்து மெல்லச் சொன்னார்: "ஆஸ்பத்திரில கிடக்கக்குள்ள ராவு ராவா உனக்குத் துஆக் கேட்டன். எதுக்குக் கேக்கிற எண்டு தெரியாமயே கேட்டன்."

ராத்தாவின் கேள்விக்கான பதிலின் மறுபாதி அதுதான் என்று எனக்குப் பட்டது. ஒரு துயரைச் சொல்வது அதைத் தீர்ப்பதற்காக மட்டும் அல்ல. உம்மாவால் என் கம்பனியிடமிருந்து ஒரு ரியாலைக்கூட வாங்கித் தந்திருக்க முடியாது. என்னால் உம்மாவின் எலும்பைப் பொருத்தியிருக்க முடியாது. ஆனால் அந்த மூன்று வாரமும் நான் என் உம்மாவின் மகனாக இருக்கவில்லை. அவரது நோயை ஊரே அறிந்திருந்தது, அயல்வீட்டுக்காரர் நலம் விசாரித்துப் போனார்கள். அதற்கு ஆகவும் உரித்தானவனை மட்டும் நல்ல எண்ணத்தோடு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். நானும் என் மனைவியை அவ்விதமே நிறுத்தி வைத்திருந்தேன். இரக்கம் காட்டி ஒருவரைக் குடும்பத்திலிருந்து விலக்கிவிட முடியும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இதனால் எல்லாவற்றையும் பெருநாள் காலையிலேயே கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்லும் அளவு வேறு, பெரியவரிடம் சொல்லும் அளவு வேறு. இன்று சொல்லாமல் நாளை சொல்லலாம். "கொஞ்சம் கரைச்சலாத்தான் இருக்கு, பிறகு சொல்றன்" என்பது உண்மை, அதில் மரியாதையும் உண்டு. தாமதிப்பதும் ஏமாற்றுவதும் ஒன்றல்ல. எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை இவ்வளவுதான்: இல்லாததை இருப்பதாகச் சொல்வதில்லை. ஒருவருக்கு உரித்தான செய்தியை, அவரது நன்மைக்கென்று சொல்லிக்கொண்டு, அவருக்குப் பதிலாக நான் தீர்மானித்துப் பூட்டி வைப்பதில்லை.

எல்லை வைப்பது இலகு. அதைக் கடைப்பிடிக்கும் நாள் 2022இல் வந்தது. உம்மா அப்போது இல்லை. ஊரில் இருப்பவன் நான், டோஹாவில் இருப்பவன் என் மூத்த மகன். அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நோன்புப் பெருநாள். காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசை, நாளாந்தம் மின்வெட்டு, பால்மாவுக்குத் தட்டுப்பாடு. விறகடுப்பில் சோறு ஆக்கினோம். பெருநாளுக்கு வட்டிலாப்பம் அவிக்காத வீடாக அந்த ஆண்டு எங்கள் வீடு இருந்தது.

மகன் எடுத்தான். சலாம் சொல்லி முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வட்டிலாப்பம் அவிச்சீங்களா உம்மா?" என்பதுதான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாள் இரவே இதைப் பற்றி எமக்குள் பேச்சு நடந்திருந்தது. "பெருநாளும் அதுவுமா அவன்ட மனசக் குழப்பாதீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். அவள் சற்றுத் தயங்கி, "இல்ல மகன். காஸும் இல்ல, முட்டையும் விலை. இந்த முறை அவிக்கல்ல" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு அவன் சொன்னான்: "இஞ்சயும் ஓவர்டைம் நிப்பாட்டி நாலு மாசம் உம்மா. சொன்னா யோசிப்பீங்களெண்டு சொல்லல்ல."

அன்று நாற்பது நிமிடம் பேசினோம். கட்டிக்கொண்டிருந்த அறைக்குக் கூரை போடுவதைப் பிற்போடுவதென்று மூவருமாகத் தீர்மானித்தோம். அவன் பட்ட கடன் எவ்வளவென்று முதல் முறையாகக் கேட்டறிந்தோம். உண்மை பேசியதால் அந்தப் பெருநாள் இனித்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அது சரியாக இருக்காது. மனைவி பகல்வரை ஒன்றும் சாப்பிடவில்லை. என்னோடு சரியாகப் பேசவுமில்லை. மகனும் அன்று இரவு தூங்கவில்லையென்று பிறகு சொன்னான்.

இஷாவுக்குப் பிறகு மின்சாரம் நின்றுபோனது. குப்பி விளக்கின் வெளிச்சத்தில் மனைவி முஸல்லாவில் நெடுநேரம் கையேந்தியிருந்தாள். வழமையாக அவளது துஆ அரபில் தொடங்கி அரபிலேயே முடிந்துவிடும். அன்று இடையில் தமிழ் வந்தது. மகனின் பெயரைச் சொன்னாள், கடன் தொகையைச் சொன்னாள். அவள் அல்லாஹ்விடம் கேட்டவற்றுள் ஓவர்டைம் என்ற சொல்லும் இருந்தது.